ஆபிரிக்கச் சிக்லிட்டு மீன்கள்: பெருந்தொட்டியில் ஒத்து வாழும் இனங்களைத் தெரிதல்

வெங்காயப் பாத்தியின் வரம்பில் மிளகாய்க் கன்றை ஊன்ற நினைக்கும் கமக்காரர், இரண்டும் ஒரே இறைப்புக்கு இசையுமா, ஒரே உரத்தை ஏற்குமா, ஒன்றின் நிழல் மற்றதை வாட்டுமா என ஆராய்ந்த பின்னரே கன்றைக் கையில் எடுப்பார். அவரே அலங்கார மீன் விற்கும் கடைக்குச் சென்றால் இவ்வாராய்ச்சியை மறந்துவிடுகிறார். நீலத்தில் இரண்டு, மஞ்சளில் இரண்டு, வரி போட்டதில் ஒன்று என நிறத்தைப் பார்த்து வாங்கி வந்து ஒரே தொட்டியில் விடுகிறார். நான்கு மாதங்கள் செல்ல, தொட்டியில் ஒரு மீன் மட்டும் கொழுத்துத் திரிகிறது. மற்றவை செட்டை கிழிந்து மூலையில் ஒதுங்கியிருக்கும், அல்லது இறந்துபோயிருக்கும்.

இவ்வாறு நட்டமடைந்தோர் பலரை என் பிரிவிற் கண்டிருக்கிறேன். நானும் அவர்களுள் ஒருவன். அதனைப் பின்னர் கூறுவேன். அலங்கார மீன்களை வளர்த்து ஏற்றுமதியாளருக்குக் கொடுத்தல் இலங்கையிற் பல்லாண்டுகளாக நடைபெற்றுவரும் தொழிலாகும். தோட்டத்தில் வேலை குறைந்த மாதங்களிலும் கைக்குப் பணம் தரக்கூடிய இத்தொழிலில் ஆபிரிக்க ஏரிகளின் சிக்லிட்டு மீன்களுக்குத் தனியிடம் உண்டு. சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீர் இம்மீன்களுக்கு இயல்பாகவே பொருந்துவது அதற்கு ஒரு காரணம். ஆயினும் எம்மீனோடு எம்மீனைச் சேர்க்கலாம் என்பதை அறியாது இதில் இறங்குவோர் போட்ட முதலையே இழப்பர். ஆகவே மீனை வாங்குமுன் இத்துண்டுப்பிரசுரத்தை ஒருமுறை வாசித்தல் நன்று.

பெயரை நம்பி வாங்குதல் ஆகாது

சிக்லிட்டுக் குடும்பம் மிகப் பெரியது. தென் அமெரிக்காவிலும் ஆபிரிக்காவிலும் அதன் இனங்கள் மிகுதியாக உள்ளன. நம் நாட்டின் களப்புகளிலும் அக்குடும்பத்தின் இரண்டு இனங்கள் இயற்கையாகவே வாழ்கின்றன. 1952 ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று குளங்களிலெல்லாம் பிடிபடும் திலாப்பியாவும் பிறப்பால் ஆபிரிக்கச் சிக்லிட்டே ஆகும்.

கடையில் "ஆபிரிக்க மீன்" என்று ஒரு தொட்டியைக் காட்டுவார்கள். அச்சொல்லினால் ஒரு பயனும் இல்லை. மேற்கு ஆபிரிக்க ஆறுகளில் வாழும் கிரிபென்சிசு என்னும் சிறு மீன் மென்னீருக்கு உரியது. ஜூவல் எனப்படும் செந்நிற மீனும் ஆற்று மீனே. முட்டையிடும் காலத்தில் அது தன்னிலும் பெரிய மீனையும் அடித்து விரட்டும். இப்பிரசுரத்திற் சொல்லப்படுபவை இவையல்ல. கிழக்கு ஆபிரிக்காவின் பெரும் ஏரிகளாகிய மலாவி, தாங்கனீக்கா, விக்ரோறியா ஆகிய மூன்றின் மீன்களே நம் பேச்சுக்குரியவை. வாங்கும்போது, "இது எந்த ஏரி மீன்?" என்று முதலிற் கேளுங்கள். விற்பவருக்கு விடை தெரியாதாயின் அம்மீனை வாங்காது விடுங்கள்.

மலாவி ஏரி ஏறக்குறைய 580 கிலோமீற்றர் நீளமும், ஆழமான இடத்தில் 700 மீற்றருக்கு மேற்பட்ட ஆழமும் உடையது. தாங்கனீக்கா அதனிலும் ஆழமானது; 1,470 மீற்றர் வரை இறங்கும். இவ்விரு ஏரிகளும் மிகப் பழையவை. இவற்றின் நீர் தெளிந்தும், உப்புகள் கரைந்து காரத்தன்மை கொண்டும் உள்ளது. அமில, கார நிலையைக் குறிக்கும் பீ.எச். அளவில் மலாவி நீர் பெரும்பாலும் 7.7 இலிருந்து 8.6 வரையிலும், தாங்கனீக்கா நீர் 9 ஐ அண்மித்தும் நிற்கும். மலாவியில் மட்டும் எழுநூறுக்கு மேற்பட்ட சிக்லிட்டு இனங்கள் உள்ளன என மதிப்பிடுகின்றனர். அவற்றுட் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இயற்கையில் இல்லை.

ஒரே ஏரியில் இத்தனை இனங்கள் எவ்வாறு கூடி வாழ்கின்றன? ஜெப்ரி பிறையர் என்னும் ஆராய்ச்சியாளர் 1950 களில் மலாவியின் கற்கரைகளில் இதனை ஆராய்ந்து 1959 இல் வெளியிட்டார். அக்காலத்தில் அவ்வேரிக்கு நியாசா என்று பெயர். கல்லின் மேற்படிந்த பாசியைச் சுரண்டுவது ஒன்று. கல்லிடுக்கிற் பூச்சியைத் தேடுவது ஒன்று. மணலைச் சலித்துண்பது ஒன்று. நடுநீரில் மிதக்கும் நுண்ணுயிரை உண்பது ஒன்று. பிற மீனின் குஞ்சைப் பிடிப்பது இன்னொன்று. இவ்வாறு இடமும் உணவும் பிரிந்திருப்பதனால் அவை அருகருகே வாழ்கின்றன. தொட்டியில் நாம் சேர்க்கும் மீன்களுக்கும் இவ்விரண்டையுமே பார்த்தல் வேண்டும். எங்கே வாழ்வது, எதை உண்பது என்பவற்றை அறிந்தால் தோழமை பெரும்பாலும் தெரிந்துவிடும். நிறம் நமக்கு எதனையும் சொல்லாது.

நீரும் தொட்டியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கற் பாறையில் ஊறி நிற்பதனால் வன்னீராக உள்ளது. பானையின் அடியில் வெள்ளையாகப் படிவதைக் குறைகூறும் நம் வீட்டார், அதே நீர் மலாவி மீனுக்கு அமுதம் என்றால் நம்பமாட்டார்கள். மலைநாட்டிலும் ஈரவலயத்திலும் உள்ள மென்னீரில் இம்மீன்களை வளர்ப்போர் சுண்ணக்கல்லும் உப்புகளும் சேர்த்து நீரைத் திருத்தவேண்டியுள்ளது. அச்செலவு நமக்கு இல்லை.

ஆனால் நம் கிணறுகளுக்கு வேறொரு குற்றம் உண்டு. ஆண்டாண்டாக நாம் தோட்டத்தில் இட்ட உரத்தின் ஒரு பகுதி நைத்திரேற்றாக மாறிக் கிணற்றில் இறங்கியுள்ளது. குடாநாட்டின் பல தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று, குடிநீருக்கு விதித்த எல்லையைக் கடந்து நிற்கிறது. நைத்திரேற்று மிகுந்த நீரில் மீன் உடனே இறக்காது. உணவு குறைந்து, நிறம் மங்கி, நோய்க்கு எளிதாக ஆளாகும். ஆதலின் வெங்காயத் தோட்டத்தின் நடுவிலுள்ள கிணற்றை விட்டு, இயன்றவரை தோட்டத்துக்கு அப்பாலுள்ள வீட்டுக் கிணற்றைத் தெரிந்து, நீரைச் சோதிப்பித்துக்கொள்ளுங்கள். கடலோரத்து உவர்க் கிணறும் வேண்டாம். கிணற்று நீரில் ஒட்சிசன் குறைவாக இருக்கக்கூடுமாதலால் அதனை ஒரு நாள் திறந்த தொட்டியில் வைத்துக் காற்றூட்டிய பின்னரே மீனுள்ள தொட்டியில் விடுதல் வேண்டும்.

பெருந்தொட்டி என்று நான் சொல்வது 6 அடி நீளமும் 2 அடி அகலமும் 2 அடி உயரமும் உடையதை. அதன் கொள்ளளவு 24 கன அடி. அதாவது ஏறக்குறைய 680 லீற்றர், அல்லது 150 கலன். நீரின் நிறை மட்டும் 680 கிலோகிராம் ஆகும். ஆகவே மேசைமேல் வைக்க எண்ணற்க. சீமெந்துக் கட்டின்மேல் மட்டமாக வைத்தல் வேண்டும். உயரத்தைவிட நீளமும் அகலமுமே இம்மீன்களுக்குத் தேவை. ஓட இடமில்லாத இடத்திலேதான் அடிபடும் மீன் சாகிறது. கண்ணாடித் தொட்டிக்குப் பதிலாகச் சீமெந்துத் தொட்டி கட்டுவோர், வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்துப் பலமுறை நீர் மாற்றிய பின்னரே மீனை விடலாம். கோடையில் மேலே கிடுகு வேய்ந்து நிழல் செய்தல் வேண்டும். 24 இலிருந்து 28 பாகை வரையுள்ள வெப்பமே இம்மீன்களுக்கு உகந்தது.

புதுத் தொட்டியில் உடனே மீனை விடற்க. மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகும். அதனை நைத்திரைற்றாகவும், பின் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியா வடிகட்டியின் சரளையிற் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணின் மேல் யூரியாவைத் தூவி மூடாது விட்டால் அமோனியா வாடை எழுவதை அறிவீர்கள். கார நிலையில் அமோனியா நஞ்சான வடிவத்துக்கு மாறுகிறது என்பதே அதன் பொருள். தொட்டியிலும் அவ்வாறே: 25 பாகை வெப்பத்தில், பீ.எச். 7 ஆன நீரில் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்கிலும் குறைவே நஞ்சு வடிவில் இருக்கும்; 8.5 ஆன நீரில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பங்கு அவ்வடிவில் இருக்கும். ஆதலால் மென்னீர் மீன் வளர்ப்போர் பொறுக்கக்கூடிய பிழையை நாம் பொறுக்க இயலாது. பழைய தொட்டியின் வடிகட்டியிலிருந்து ஒரு கைப்பிடி சரளை எடுத்துப் புதியதிற் போட்டால் காலம் குறையும். ஆயினும் நோயற்ற தொட்டியிலிருந்தே எடுத்தல் வேண்டும்.

கற்களுக்காகக் கடலிற் பவளப்பாறை பெயர்த்தல் சட்டவிரோதமானது, தேவையுமில்லை. காணியிற் கிளம்பும் சுண்ணக்கல்லே போதும். தேய்த்துக் கழுவி, வெயிலிற் காயவைத்து அடுக்குங்கள். மணலின் மேல் அடுக்காது தொட்டியின் தளத்திலேயே கல்லை இருத்தி, பின்னர் மணலைப் பரப்புதல் வேண்டும். இம்மீன்கள் மணலைத் தோண்டும் இயல்புடையவை. தோண்டிய குழியிற் கல் சரிந்து கண்ணாடியை உடைத்ததும் உண்டு.

கல்லடி மீன்கள்

மலாவியின் கற்கரைகளில் வாழ்பவற்றை அவ்வூரார் "எம்புனா" என்பர். கல் மீன் என்பது பொருள். மூன்று முதல் ஐந்து அங்குல நீளம்; கடல்மீனை ஒத்த நிறம்; ஓயாத ஓட்டம். நம்மவர் முதலில் வாங்குவது இவற்றையே. முதலில் இழப்பதும் இவற்றையே.

நான் விவசாயப் பாடசாலையை விட்டு வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டில், 4 அடித் தொட்டி ஒன்றில் இவ்வகை மீன் பன்னிரண்டு வாங்கி விட்டேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். அவற்றுள் பொன்னிறத்தில் கருவரியோடிய ஓறேற்றஸ் என்னும் இனத்தின் குஞ்சு மூன்று இருந்தன. அழகிற் சிறந்தவை அவையே. ஐந்தாம் மாதத்தில் ஒரு நாட்காலை தொட்டியில் கருநிற மீன் ஒன்று வெளிறிய வரிகளோடு நின்றது. அதனை நான் வாங்கியதே இல்லை. தம்பி எங்கிருந்தோ கொண்டுவந்து விட்டிருக்கிறான் என்று எண்ணி அவனைக் கடிந்தேன். உண்மை யாதெனில், அவ்வினத்தின் ஆண் முதிரும்போது பொன்னிறம் மாறிக் கருமையாகும். கருமையான நாள்தொடங்கி அவ்வொரு மீன் மற்றப் பதினொன்றையும் துரத்தியது. நான்கு அங்குல மீன், நான்கடித் தொட்டி முழுவதையும் தன் காணி என உரிமை கொண்டாடியது. இரண்டு மாதத்தில் ஏழு மீன் இறந்தன.

எஞ்சியவற்றை என் கையாலேயே கொன்றேன் என்று சொல்லவேண்டும். தேறட்டும் என்று எருக்குவியலைக் கிளறி மண்புழு எடுத்து நாள்தோறும் கொடுத்தேன். கோழிக்கு நல்லது மீனுக்கும் நல்லது என்பது என் கணக்கு. எம்புனாவின் குடல் நீண்டது. பாசியைத் தின்று செரிப்பதற்கு அமைந்தது. சில நாளில் மீன்கள் உணவை வாயில் எடுத்துத் துப்பின, வெண்ணிற நூல்போலக் கழிந்தன, வயிறு வீங்கின, ஒரு வாரத்துக்குள் மூன்று இறந்தன. ஊன் மிகுந்த உணவும் ஓயாத அச்சமும் சேர்ந்தால் இவ்வீக்கம் வருவதைப் பின்னரும் பலரது தொட்டியிற் கண்டேன். இம்மீன்களுக்குச் சுருள்பாசி சேர்ந்த உணவும், அவித்துத் தோல் நீக்கிய பச்சைப் பட்டாணியும், வெந்நீரில் வாட்டிய கீரையுமே தக்கவை. சிறிதாக நாளுக்கு இருமுறை கொடுத்தாற் போதும்.

இந்நட்டத்தில் நான் கற்றவை சில. ஓறேற்றசையும், அதனையொத்த முரட்டு இனமாகிய கென்யியையும் பிற மீன்களோடு சேர்க்காதிருத்தல் நன்று. கென்யியில் நிறம் மாறுவது வேறு விதம். இளமையில் எல்லாம் நீலம், முதிர்ந்த ஆண் மஞ்சள். மஞ்சட் பெண் என்று எண்ணி முதிர்ந்த ஆணை வாங்கி ஏமாறுவோர் பலர். சாதுவான இனங்களென நான் துணிந்து சொல்லக்கூடியவை இரண்டு. ஒன்று, "யெலோ லாப்" என விற்கப்படும் மஞ்சள் மீன். 1956 இல் பிறையர் அவர்களே இவ்வினத்தை விவரித்துப் பெயரிட்டவர். கல்லிடுக்கிற் பூச்சி முதலிய சிற்றுயிர்களைத் தேடியுண்ணும் இயல்பினால் இதற்குப் பாசித்தரைக்காகச் சண்டையிடும் குணம் குறைவு. மற்றது, "றஸ்ரி" எனப்படும் துருநிறச் சிறு மீன். பார்வைக்குப் பகட்டில்லாததால் கடையிற் கவனிப்பாரற்றுக் கிடக்கும். விளக்கொளியில் அதன் செவ்வூதா நிறத்தை ஒருமுறை கண்டவர் விடார்.

6 அடித் தொட்டிக்கு எம்புனாவாயின் மூன்று அல்லது நான்கு இனங்கள் போதும். ஒவ்வோரினத்திலும் ஓராணுக்கு நான்கு பெண் என விடுதல் வேண்டும். ஓராணும் ஒரு பெண்ணுமாக விட்டால் அப்பெண் ஓய்வின்றித் துரத்தப்பட்டு இறக்கும். நிறத்தாலும் வரியாலும் ஒத்த இரண்டு இனங்களைச் சேர்க்கற்க. தன்னைப் போன்ற தோற்றமுள்ளதையே ஆண் தன் எதிரியெனக் கொள்ளும். நீலத்தில் வரியுள்ளது ஒன்றிருந்தால், மற்றது மஞ்சளாகவோ வரியற்றதாகவோ இருக்கட்டும்.

இன்னொன்று கேட்போர்க்கு வியப்பைத் தரும். எட்டு மீன் உள்ள தொட்டியைவிட இருபத்தைந்து மீன் உள்ள தொட்டியில் இறப்புக் குறைவு. எட்டு மட்டும் இருப்பின் வலியது மெலிந்த ஒன்றையே குறிவைத்து அதன் உயிர் போகும்வரை அடிக்கும். இருபத்தைந்து இருப்பின் அதன் சினம் பலர்மீது பரவி எவரையும் கொல்லாது. ஆனால் இது வலிய வடிகட்டியும், வாரந்தோறும் மூன்றிலொரு பங்கு நீர்மாற்றமும் இருந்தால் மட்டுமே பொருந்தும். மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஊரில் இவ்வளவு மீனை ஒரு தொட்டியில் நெருக்குதல் அறிவுடைமையாகாது.

மணல்வெளி மீன்களும் நடுநீர் மீன்களும்

வணிகர் "பீக்கொக்" என்று விற்பதை நாம் மயில் மீன் எனலாம். கல்லும் மணலும் சந்திக்கும் இடத்தில் இவை வாழும். இவற்றின் தலையின் கீழ்ப்புறத்தில் சிறு குழிகள் உண்டு. மணலுக்குச் சற்று மேலே அசையாது நின்று, மணலுள் அசையும் புழுவின் அதிர்வை அக்குழிகளால் உணர்ந்து, சடுதியிற் கவ்வும். பொறுமையான மீன். எம்புனாவோடு சேர்த்தால், உணவு விழுந்தவுடன் அவை பாய்ந்து தின்றுவிட இது பட்டினி கிடக்கும். அத்தோடு எம்புனாவுக்கு ஏற்ற தாவர உணவு இதற்குப் போதாது. ஆகவே இரண்டையும் கலத்தல் இருவருக்கும் கேடு. கலக்கவே வேண்டும் என்போர் மஞ்சள் லாபை மட்டும் மயில் மீனோடு விடலாம்.

மயில் மீனுக்கு உற்ற தோழர் நடுநீரில் வாழும் சாதுவான இனங்களே. நெற்றி புடைத்த நீல மூரியை இதற்கு முதலிற் சொல்வேன். ஏரியில் அது மணலைத் தோண்டியுண்ணும் பெரிய மீன்களின் பின்னே சென்று, கிளம்பும் கலங்கலில் அகப்படும் சிற்றுயிர்களைப் பொறுக்கும். வயலுழும்போது கலப்பையின் பின்னே கொக்கு வருவதைப் போன்றது அது. எட்டு அங்குலத்துக்கு மேல் வளருமாதலால் 6 அடியிற் குறைந்த தொட்டியில் விடுதல் கூடாது. கொப்படிக்குறோமிசு வகைகளும் ஏற்றவை. மின்னீல நிறமுள்ள பிறையரியும் விரும்பப்படுவது. அதற்குப் பெயர் அந்த ஆராய்ச்சியாளரின் நினைவாக 1993 இல் இடப்பட்டது. ஆனால் அது குஞ்சுண்ணி. இரண்டங்குலத்துக்கு உட்பட்ட மீன் எதனையும் அதன் முன்னே விடற்க.

பெரிய வேட்டை மீன்களைத் தனியே வைத்துப் பேசவேண்டும். லிவிங்ஸ்ரனி என்னும் மீன் மணலிற் சரிந்து படுத்து இறந்ததுபோலக் கிடக்கும். அழுகிய பிணம் என்று எண்ணிக் கொத்த வரும் சிறு மீனை உருண்டெழுந்து விழுங்கும். புதிதாக வாங்கியவர் அது செத்துவிட்டதென்று வலையால் எடுக்கப்போய்த் திடுக்கிடுவது வழக்கம். வெனஸ்ரசும் அதன் உறவே. ஒன்பது, பத்து அங்குலம் வளரும். இவற்றைத் தம்மளவு பருமனுள்ள மீன்களோடு விடலாம். அவற்றை வீணே அடிக்கமாட்டா. "வாயிற் கொள்ளுமா, கொள்ளாதா" என்பதே இவற்றின் கணக்கு. கடையில் எல்லாம் இரண்டங்குலக் குஞ்சுகளாக இருப்பதனால் இவ்வேற்றுமை தெரியாது. குஞ்சின் அளவை விட்டு, முதிர்ந்த அளவைக் கேட்டு வாங்குங்கள்.

மயில் மீனையும் நடுநீர் மீனையும் காட்சிக்காக வைப்போர் ஆண்களை மட்டும் விடலாம். பெண் இல்லாத இடத்தில் ஆண்களின் சண்டை பெரிதும் தணியும். 6 அடித் தொட்டிக்கு ஒன்றையொன்று ஒவ்வாத நிறத்தில் பன்னிரண்டு முதல் பதினைந்து வரை போதும். குஞ்சு பெற்று விற்க விரும்புவோர் இதற்கு மாறாக ஓரினத்தை மட்டும் ஒரு தொட்டியில் வைத்தல் வேண்டும். ஏனெனில் மயில் மீன்களின் பெண்கள் எல்லாம் சாம்பல் நிறமாக ஒன்றுபோலவே இருக்கும். இரண்டினம் கலந்தால் குஞ்சுகள் கலப்பாகும். கலப்புக் குஞ்சைத் தூய இனமென விற்றல் நெல்லிற் களைநெல்லைக் கலந்து விதைநெல்லென விற்பதற்கு ஒப்பானது. வாங்குபவர் ஒருமுறை அறிந்தால் மறுமுறை வாரார்.

மற்ற இரண்டு ஏரிகள்

தாங்கனீக்கா மீன்களைத் தனித் தொட்டியில் வைத்தலே என் ஆலோசனை. நீர் ஏறக்குறைய ஒத்ததாயினும் நடத்தை ஒவ்வாது. நெற்றியிற் திமில்போன்ற புடைப்புடைய புறொன்ரோசா ஓரடி வரை வளரும். ஆழ்நீர் மீனாதலால் மெதுவாகவே அசையும். மலாவிக் கல்லடி மீன்களின் ஓட்டத்துக்கு நடுவே அது உண்ணாது மெலியும். துறோபியசு என்பது பாசியுண்ணி, கூட்டமாக வாழ்வது, உணவில் ஊன் சேர்ந்தால் முன் சொன்ன வீக்கத்துக்கு எளிதில் இரையாகும். முதன்முதல் வளர்ப்போர் இதனைத் தொடாதிருப்பதே நலம்.

விக்ரோறியா மீன்கள் நம் சந்தைக்கு அரிதாகவே வருகின்றன. அவ்வேரியில் 1950 களில் நைல் பேர்ச் என்னும் பெரிய இரைமீன் கொண்டுவந்து விடப்பட்டது. 1980 களில் அது பெருகியபோது அங்கிருந்த சிறு சிக்லிட்டு இனங்களுட் பெருந்தொகையானவை அழிந்தன அல்லது அருகின. ஒரு நீர்நிலையில் வேற்று மீனை விடுவதால் வருவதைக் கண்ணாற் காண விரும்புவோர்க்கு உலகில் இதனிலும் பெரிய சான்று இல்லை.

சிக்லிட்டு அல்லாத தோழர்

கடையிற் பலரும் கேட்பது "தொட்டியைத் துப்புரவாக்க ஒரு மீன்" என்பதே. ஆபிரிக்க ஏரித் தொட்டிக்கு உகந்தது சைனடொன்றிசு என்னும் மீசைமீன். உடலிற் கவசம்போன்ற வலிமையும், இரவில் உணவு தேடும் பழக்கமும் உடையதாதலால் சிக்லிட்டின் அடிக்கு அஞ்சாது. இவற்றுள் தாங்கனீக்காவின் புள்ளி மீசைமீன் அற்புதமானது. சிக்லிட்டுப் பெண், தான் இட்ட முட்டையை உடனே வாயிலெடுத்து மூன்று வாரம் உண்ணாதிருந்து அடைகாப்பது. அது முட்டையிடும் நேரம் பார்த்து இம்மீசைமீன் இடையிற் புகுந்து தன் முட்டையையும் அங்கே இட்டுவிடும். தாய் வேறுபாடறியாது எல்லாவற்றையும் வாயிலே எடுத்துக்கொள்ளும். மீசைமீன் குஞ்சு முன்னதாகப் பொரித்து, வாய்க்குள்ளேயே சிக்லிட்டின் குஞ்சுகளைத் தின்று வளரும். காக்கைக் கூட்டிற் குயில் முட்டையிடுவதை நாம் அறிவோம். மீனிலும் அவ்வழக்கம் உண்டென்பது 1986 இல் வெளியாயிற்று. குஞ்சு விற்க எண்ணுவோர் இப்புள்ளி மீசைமீனை அத்தொட்டியில் வைக்கலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

தங்கமீன், ஏஞ்சல், டிஸ்கஸ், நியோன் ஆகியவற்றை ஆபிரிக்க மீனோடு விடாதீர்கள். பின்னைய மூன்றும் தென் அமெரிக்க மீன்கள். டிஸ்கசும் நியோனும் மென்னீருக்கே உரியவை. தங்கமீன் வன்னீரைத் தாங்கும். ஆயினும் அதன் நீண்ட செட்டை ஒரே இரவிற் கந்தலாகும். கப்பி மீனுக்கும் வன்னீர் பிடிக்கும், ஆனால் அது உணவாகிவிடும்.

விடும் முறை

சாதுவான இனங்களை முதலில் விட்டு, அவை இடம் பிடித்த பின்னரே வலியவற்றை விடுதல் வேண்டும். ஒன்றிரண்டாகச் சேர்க்காது ஒரு தொகுதியாகவே சேருங்கள். புது மீனை விடும் நாளில் கல்லடுக்கைக் கலைத்துப் புதிதாக அடுக்கினால் பழைய மீன்களின் எல்லைகள் அழிந்து எல்லாரும் புதிதாக இடம் தேடுவர். புதியவருக்கு அடி குறையும். வாங்கிய மீனை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்து நோயில்லை என்று கண்ட பின்னரே சேர்த்தல் வேண்டும். அதன் பின்னரும் மாலையில் ஒருமுறை தொட்டியின் முன்னே கால் மணி நேரம் இருந்து பாருங்கள். நீர்மட்டத்தின் மூலையில் ஒட்டி நிற்கும் மீன், உணவுக்கு வராத மீன், வால் கிழிந்த மீன் ஆகிய மூன்றும் அடிபடுபவை. அவற்றை வெளியே எடுத்துத் தேற்றுவது பலரின் வழக்கம். ஆனால் அடுத்த நாள் வேறொன்று அந்த மூலைக்கு வரும். எடுக்கவேண்டியது அடிக்கும் மீனையே.

கமக்காரருக்குரிய இரண்டு எச்சரிக்கைகள்

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டக்காரர் கத்தரிக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு, தெளிகருவியைக் கிணற்றடியிற் கழுவி, அதே வாளியால் மீன் தொட்டிக்கு நீர் மொண்டார். விடியுமுன் தொட்டி முழுவதும் வெண்வயிறு மேலாக மிதந்தது. சைபர்மெத்திரின் முதலிய மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். மீனுக்கென ஒரு வாளி, ஒரு குழாய் தனியே இருக்கட்டும். மருந்தடித்த கையால் உணவிடாதீர்கள். மருந்தடித்த பாத்தியின் கீரையை வாட்டிக் கொடுப்பதும் அவ்வாறே.

மற்றது குளத்தைப் பற்றியது. வளர்ந்து பெருத்த மீனையோ, விற்காத குஞ்சையோ, முரட்டு ஆணையோ கொல்ல மனமின்றிக் குளத்திலோ கிணற்றிலோ வாய்க்காலிலோ விடுவது கருணையாகத் தோன்றும். "ராங் கிளீனர்" என்று விற்கப்படும் தென் அமெரிக்க மீனும், கத்திபோன்ற உடலுடைய நைப் மீனும் இவ்வாறு தொட்டி வணிகத்திலிருந்து தப்பி இலங்கையின் நீர்நிலைகளிற் குடியேறியவையே. இன்று அவற்றைத் திரும்ப எடுக்க வழியில்லை. மலாவி மீனும் வன்னீரிற் பெருகக்கூடியது. வாயில் அடைகாப்பதால் குஞ்சிழப்பும் குறைவு. ஆகவே வேண்டாத மீனை விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள், அல்லது வேறு வளர்ப்பாளருக்கு வழங்குங்கள். இரண்டும் இயலாதாயின் கொன்று புதைத்தல் வேண்டும்.

வாரந்தோறும் எடுக்கும் தொட்டி நீர் நைதரசன் சத்துள்ளது. கத்தரிக்கும் வாழைக்கும் இறைக்கலாம். அந்நீர் வாய்க்காலில் ஓடிப்போகாது பாத்தியிலேயே சுவறும்படி விடுங்கள். குழாயின் வாயில் மெல்லிய துணியொன்றை இரட்டையாகக் கட்டியே நீரை எடுத்தல் வேண்டும். மூன்று வாரம் தாயின் வாயிலிருந்து வெளிவரும் குஞ்சு அரையங்குலத்திலும் சிறியது. கண்ணுக்குத் தெரியாமலே குழாயோடு போய்விடும்.